டிரம் ட்ரிக்கர்: வாங்குவதற்கு முன்னும் மாட்டிய பின்னும்

சின்ன அறையில் டிரம்ஸ் பதிவு செய்துவிட்டு ஸ்னேர் மைக் ட்ராக்கை மட்டும் சோலோ போட்டுக் கேளுங்கள். பாதிக்குப் பாதி ஹை-ஹாட் சிம்பல்தான் இருக்கும். காம்ப்ரெசர் போட்டு ஸ்னேரைத் தூக்கினால் ஹை-ஹாட்டும் கூடவே ஏறி வரும். கேட் (குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள சத்தத்தை அடைத்துவிடும் கருவி) போட்டு வெட்டினால் மெதுவாகத் தட்டிய அடிகளும் சேர்ந்து காணாமல் போகும். கூரை தாழ்ந்த அறையென்றால் சிம்பல் சத்தம் மேலே முட்டித் திரும்பி எல்லா மைக்கிலும் விழும். டிரம்மில் மாட்டும் சின்ன சென்சாரான ட்ரிக்கர் கைகொடுப்பது இங்கேதான். தோலைத் தொட்டுக்கொண்டு அதன் அதிர்வை மட்டும் வாங்கிக்கொள்வதால், காற்றில் வரும் சிம்பல் சத்தம் அதில் பெரிதாக ஏறுவதில்லை.

உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு பியசோ வில்லை. பித்தளைத் தகட்டின் மேல் மெல்லிய பீங்கான் படலம் ஒட்டியிருக்கும். அது வளைந்தால் மின்னழுத்தம் பிறக்கும், அவ்வளவுதான். அந்த சிக்னலை நேரடியாக ஸ்பீக்கரில் கேட்டால் 'டக்' என்று ஒரு வறண்ட சொடுக்கு வரும். கேட்பதற்கு அது எதற்கும் ஆகாது. ஆனால் அடி எப்போது விழுந்தது, எவ்வளவு பலமாக விழுந்தது என்ற இரண்டு தகவலும் அதில் சுத்தமாக இருக்கும்.

எந்த ட்ரிக்கர் வாங்குவது என்று தேட ஆரம்பிக்கிறவர்கள் அநேகமாக பிராண்டிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அது தலைகீழ். அந்த 'டக்'கை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்தால், எத்தனை வாங்க வேண்டும், மாட்யூல் (ட்ரிக்கர் சிக்னலை டிரம் ஒலியாக மாற்றும் பெட்டி) வேண்டுமா, எந்த கேபிள் என்ற கேள்விகளெல்லாம் தானாகவே அவிழ்ந்துவிடும்.

படி 1: சிக்னல் எங்கே போகப்போகிறது?

முதல் வழி, ட்ரிக்கரை நேராக ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியில்) செருகி, மைக் ட்ராக்குகளோடு இன்னொரு ஆடியோ ட்ராக்காகப் பதிவு செய்வது. மாட்யூலே வேண்டாம். பதிவு முடிந்தபின் அந்த ட்ராக்கை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். ஒன்று, ஸ்னேர் மைக்கில் போட்ட கேட்டின் சைட்செயினுக்கு இதைக் கொடுப்பது. கேட் இப்போது மைக்கைக் கேட்டுத் திறக்காது, ட்ரிக்கரைக் கேட்டுத் திறக்கும். ஹை-ஹாட் எவ்வளவு கத்தினாலும் கேட் அசையாது. இரண்டாவது, சாம்பிள் மாற்றும் ப்ளக்-இன்னுக்கு, அதாவது அடித்த ஒலிக்குப் பதில் முன்பே பதிவான டிரம் ஒலியை வைக்கும் மென்பொருளுக்கு இதைக் கொடுப்பது. ஸ்லேட் டிஜிட்டலின் ட்ரிக்கர் 2, எக்ஸ்எல்என் ஆடியோவின் அடிக்டிவ் ட்ரிக்கர், ட்ரமகாக் போன்றவை இதற்கென்றே இருக்கின்றன. பதிவு மென்பொருளான லாஜிக் ப்ரோவில் டிரம் ட்ராக்கை மாற்றும் வசதி உள்ளேயே இருக்கிறது. இன்னொரு பதிவு மென்பொருளான ரீப்பரின் ரியாகேட், கேட் திறக்கும்போது மிடி நோட் (ஒலி இல்லாமல் எந்த டிரம், எவ்வளவு பலம் என்று மட்டும் சொல்லும் செய்தி) அனுப்பும்.

இரண்டாவது வழி, ட்ரிக்கர் மாட்யூல். அடித்த கணத்திலேயே சாம்பிள் ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும், அல்லது மிடியாகவே பதிவாக வேண்டும் என்றால் இதுதான். ரோலண்டின் டிஎம்-2 போன்ற சின்ன மாட்யூல் கிக், ஸ்னேர் இரண்டுக்கும் போதும். முழு செட்டுக்கும் என்றால் டிஎம்-6 ப்ரோ போன்றது. சொந்த ஒலி எதுவும் இல்லாமல் யூஎஸ்பி வழியாக மிடி மட்டும் அனுப்பும் இடிரம்இன், டிடிரம் டிடிடிஐ போன்ற பெட்டிகளும் உண்டு. கம்ப்யூட்டரில் நல்ல டிரம் சாஃப்ட்வேர் ஏற்கெனவே இருந்தால் இந்தப் பெட்டிகளே புத்திசாலித்தனமான தேர்வு. மாட்யூலின் உள் ஒலிகளுக்கு வீணாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, சத்தமே வெளியே போகக்கூடாது என்ற நிலை. சாதாரண தோலைக் கழற்றிவிட்டு மெஷ் ஹெட் (சத்தம் எழுப்பாத வலைத் தோல்) மாட்டி, அகூஸ்டிக் செட்டையே எலக்ட்ரானிக் செட்டாக மாற்றுவது. இதில் மைக்கே கிடையாது, எல்லாப் பளுவும் ட்ரிக்கர் தலையில். ஆகவே கிக், ஸ்னேரோடு நிறுத்த முடியாது, டாம்களுக்கும் கட்டாயம் வேண்டும். சிம்பல்களையும் எலக்ட்ரானிக் பேட்களாக மாற்ற வேண்டியிருக்கும். ரிம்மில், அதாவது டிரம்மின் விளிம்பில் கவ்வும் ட்ரிக்கர் மெஷ்ஷிலும் வேலை செய்யும், ஆனால் அதன் அருகே அடித்தால் சத்தம் எகிறும், தள்ளி அடித்தால் தணியும். அதனால் டிரம்மின் உள்ளே குறுக்குச் சட்டம் வைத்து, நடுவில் நுரைக் கூம்புள்ள ட்ரிக்கர் பொருத்துவது நல்லது. மெஷ் வாங்கும்போது ஒற்றை அடுக்கைவிட இரட்டை அடுக்கு. குச்சி துள்ளுவது குறையும், இரட்டை அடி பதிவாவதும் குறையும்.

வீட்டில் பாடல் பதிவு செய்கிறவருக்கு எங்கள் பரிந்துரை முதல் வழி. காரணம் எளிது. மாட்யூலில் ஒரு செட்டிங் தவறாக இருந்து ஓர் அடி விட்டுப்போனால் அந்த அடி போனதுதான். ஆடியோவாகப் பிடித்த ட்ரிக்கர் ட்ராக்கில் அந்த அடி அங்கேயே இருக்கும். த்ரெஷோல்டை (எவ்வளவு பலத்துக்கு மேல் அடியாக எண்ணுவது என்ற எல்லையை) எத்தனை தடவை வேண்டுமானாலும் பின்னால் மாற்றிப் பார்க்கலாம்.

படி 2: எத்தனை?

ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் கிக்குக்கு. பெடலால் அடிப்பதால் அடி எப்போதும் ஒரே இடத்தில் விழுகிறது, பலமும் அதிகம் மாறுவதில்லை. ட்ரிக்கர் மிக ஒழுங்காக வேலை செய்வதும் இங்கேதான், வேகமான டபுள் பெடல் வாசிப்பில் மைக் குழம்புவதும் இங்கேதான். இரண்டாவது ஸ்னேர். டாம்களைத் தள்ளிப்போடலாம். ஒரு பாட்டில் டாம் அடிகள் கொஞ்சம்தான் இருக்கும், மைக் ட்ராக்கில் கையாலேயே வெட்டிச் சுத்தம் செய்துவிடலாம்.

சிம்பலுக்கு ட்ரிக்கர் போடும் எண்ணம் வேண்டாம். உண்மையான சிம்பலின் நீண்ட அதிர்விலிருந்து ஓர் அடியைப் பிரித்தெடுப்பது பியசோவுக்குப் பெரும்பாடு. ட்ரிக்கர் எத்தனை இருந்தாலும், செட்டுக்கு மேலே வைக்கும் ஓவர்ஹெட் மைக் இரண்டு வேண்டும். மொத்த டிரம் செட்டின் உயிரும் அதில்தான் இருக்கிறது.

படி 3: வகை

ரிம்மில் கவ்விக்கொள்ளும் வகை தொடங்குகிறவருக்குச் சரி. ரோலண்டில் ஆர்டி-30ஹெச், ஆர்டி-30ஹெச்ஆர், கிக்குக்கு ஆர்டி-30கே. யமஹாவில் டிடி50எஸ், டிடி50கே. டிடிரம்மில் ரெட் ஷாட் முதல் மேலே பல ரகம். கழற்றி மாட்டுவது ஒரு நிமிட வேலை.

வாங்குமுன் உங்கள் டிரம்மின் ஹூப்பை, அதாவது தோலை இறுக்கிப் பிடிக்கும் விளிம்பு வளையத்தைப் பாருங்கள். மடித்த இரும்பு ஹூப் என்றால் பெரும்பாலான கிளாம்புகள் உட்காரும். வார்ப்பு ஹூப் கொஞ்சம் தடிமன், சில கிளாம்புகளுக்கு வாய் பற்றாது. ஸ்னேரில் மர ஹூப் வைத்திருந்தால் ரிம் வகை அநேகமாகப் பொருந்தாது, உள்ளே பொருத்தும் வகையோ ஒட்டும் வகையோதான். கிக்கின் ட்ரிக்கர்கள் பொதுவாக மர ஹூப்பிலும் உட்காரும்படி செய்யப்பட்டவை, அங்கே கவலையில்லை.

ஒற்றை மண்டலமா, இரட்டை மண்டலமா என்ற கேள்வி முக்கியமாக ஸ்னேருக்குப் பொருந்தும். ஆர்டி-30ஹெச் தோலை மட்டும் உணரும். ஆர்டி-30ஹெச்ஆர் தோலையும் ரிம்மையும் தனித்தனியாக உணரும். மாட்யூல் வழியில் போகிறவருக்கு, ரிம்ஷாட்டும் (தோலையும் ரிம்மையும் சேர்த்து அடிப்பது) க்ராஸ்ஸ்டிக்கும் (குச்சியைத் தோலில் படுக்கவைத்து ரிம்மில் தட்டுவது) தனி ஒலியாக வேண்டுமென்றால் இரட்டை. முதல் வழியில் போகிறவருக்கு ஒற்றையே போதும், மிச்சத்தை மைக் பார்த்துக்கொள்ளும்.

யமஹாவின் இஏடி10 கொஞ்சம் வேறு ஜாதி. கிக்கின் ஹூப்பில் மாட்டும் ஒரே பெட்டியில் இரண்டு மைக்கும் கிக் ட்ரிக்கரும் சேர்ந்திருக்கும். சீக்கிரம் ஒரு டெமோ பதிவு செய்ய நல்லது. ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனி ட்ராக்காக வைத்து மிக்ஸ் செய்ய நினைப்பவருக்கு அது சரிவராது.

படி 4: கேபிளும் துளையும்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஒற்றை மண்டல ட்ரிக்கருக்கு கிட்டார் கேபிள்தான், அதாவது கால் அங்குல மோனோ ஜாக். இரட்டை மண்டலத்துக்கு ஸ்டீரியோ ஜாக். முனையில் தோல் சிக்னல், வளையத்தில் ரிம் சிக்னல், அடியில் கிரவுண்ட். பார்வைக்கு இது பேலன்ஸ்டு கேபிள் போலவே இருக்கும். அந்த நினைப்பில் இன்டர்ஃபேஸின் பேலன்ஸ்டு லைன் இன்புட்டில் செருகினால், இன்டர்ஃபேஸ் முனையிலிருந்து வளையத்தைக் கழித்துவிடும். தோலும் ரிம்மும் ஒன்றையொன்று தின்று, பாதி அடிகள் பலமாகவும் பாதி அடிகள் சோப்ளாங்கியாகவும் வரும். ட்ரிக்கர் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பாதீர்கள். இரண்டையும் பிரிக்கும் ஒய் கேபிள் போட்டு, தோல் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்டர்ஃபேஸில் எந்தத் துளை என்பதும் முக்கியம். கிட்டார் படம் போட்டிருக்கும் அல்லது இன்ஸ்ட்ருமென்ட் என்று எழுதியிருக்கும் ஹை-இசட் இன்புட்தான் வேண்டும். ஏன் என்றால், 27 மில்லிமீட்டர் பியசோ வில்லை மின்சாரக் கணக்கில் சுமார் 20 நானோஃபாரட் கெப்பாசிட்டர். அதை 10 கிலோ-ஓம் லைன் இன்புட்டில் செருகினால் சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய்ந்துபோகும். தோலின் அதிர்வில் பெரும்பகுதி அதற்குக் கீழேதான் இருக்கிறது. 1 மெகா-ஓம் ஹை-இசட் இன்புட்டில் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், எதுவும் தொலையாது. உங்கள் இன்டர்ஃபேஸில் ஹை-இசட் ஒன்றுதான் இருக்கிறது, ட்ரிக்கர் இரண்டு என்றால், இன்னொன்றுக்கு ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (இந்த வகை சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) போட்டு மைக் இன்புட்டில் கொடுக்கலாம்.

சில ட்ரிக்கர்களில் எக்ஸ்எல்ஆர் துளை இருக்கும். மைக் கேபிள் செருகும்படி இருக்கிறதே என்று மைக் இன்புட்டில் போட்டுவிடாதீர்கள். அதற்கு ஒரு முனை எக்ஸ்எல்ஆர், மறுமுனை கால் அங்குல ஜாக் உள்ள கேபிள் வேண்டும். இன்டர்ஃபேஸில் ஃபான்டம் பவர் பொத்தான் எல்லா மைக் இன்புட்டுக்கும் பொதுவாக இருந்தால் கூடுதல் கவனம். ஓவர்ஹெட் மைக்குக்காகப் போட்ட 48 வோல்ட் ட்ரிக்கருக்கும் போய்ச் சேரும்.

கெயினை முழுவதும் இறக்கி வைத்துவிட்டு முதல் அடியை அடியுங்கள். பியசோவின் வெளியீடு எதிர்பார்ப்பதைவிட மிகப் பெரியது. மிகப் பலமான அடி மைனஸ் 6 டெசிபெல்லில் நிற்கும்படி வையுங்கள். க்ளிப் ஆனால் நேரத் தகவல் கெடாது, ஆனால் பலமான அடிகள் எல்லாம் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டு, எது எதைவிடப் பலமானது என்பது அழிந்துபோகும்.

படி 5: டிரம்மைத் தயார் செய்வது

நல்ல ட்ரிக்கரைத் தளர்ந்த, நீளமாக ரீங்காரிக்கும் தோலில் மாட்டினால் மட்டமான ட்ரிக்கர் மாதிரி நடந்துகொள்ளும். ட்ரிக்கருக்கு வேண்டியது சட்டென ஏறி சட்டென இறங்கும் அதிர்வு. தோலை இறுக்கும் லக்குகளை எல்லாப் பக்கமும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்னேர், டாம் தோலின் ஓரத்தில் சின்ன ஜெல் துண்டு ஒன்று ஒட்டுங்கள். கிக்கின் உள்ளே தலையணையோ மடித்த போர்வையோ அடிக்கும் தோலை லேசாகத் தொடும்படி இருக்கட்டும். இந்தப் பத்து நிமிட வேலை, மாட்யூலில் ஒரு மணி நேரம் எண்களைத் திருகுவதை மிச்சப்படுத்தும்.

மைக்கும் கூடவே வைத்துப் பதிவு செய்கிறீர்கள் என்றால் ஒரு சமரசம் தேவை. அதிகம் அமுக்கினால் மைக்கில் டிரம் அட்டைப்பெட்டி மாதிரி கேட்கும். சாம்பிள்தான் முக்கிய ஒலி என்றால் அமுக்குங்கள். மைக் ஒலிதான் முக்கியம், ட்ரிக்கர் கேட்டுக்கு மட்டும் என்றால் தோலைப் பாடவிடுங்கள். கேட் திறப்பதற்கு ஆரம்ப அடி மட்டும் தெரிந்தால் போதும்.

படி 6: மாட்டுவது

ஸ்னேரில், குச்சி வழக்கமாக விழும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் ரிம்மில் கவ்வவிடுங்கள். ஸ்னேர் கம்பிகளை ஏற்றி இறக்கும் நெம்புகோல் இருக்கும் பக்கம் வேண்டாம், அதன் கிணுகிணுப்பும் சிக்னலில் கலக்கும். மைக் ஸ்டாண்டின் கை ட்ரிக்கரில் படக்கூடாது. சென்சாரின் நுரை முனை தோலை லேசாக அழுத்தியபடி இருக்க வேண்டும். உயரத்தைத் திருகி மாற்றும் ரகமாக இருந்தால் ஒரு சோதனை: தோலின் நடுவில் விரலால் மெல்ல அமுக்கும்போது நுரைக்கும் தோலுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் அழுத்தம் போதாது. நுரை தட்டையாக நசுங்கியிருந்தால் அதிகம். தொடர்பு விட்டு விட்டுப் பட்டால் ஓர் அடிக்கு இரண்டு சிக்னல் வரும்.

கிக்கில், அடிக்கும் பக்க ஹூப்பில், பெடலுக்கு எதிரே மேல்பக்கம். டாம் இடித்தால் கொஞ்சம் பக்கவாட்டில். கேபிளை ஸ்டாண்டின் காலோடு சுற்றிக் கட்டி, ட்ரிக்கரின் அருகே ஒரு கை நீளம் தொய்வாக விடுங்கள். கேபிள் விறைத்து நின்றால் அதன் அசைவே அடியாகப் பதிவாகும்.

படி 7: மாட்யூல் செட்டிங்

முதல் வழியில் போகிறவர்கள் இதைத் தாண்டலாம் என்று தோன்றும். ஆனால் ப்ளக்-இன்னிலும் இதே சொற்கள்தான், அதனால் படித்துவிடுங்கள். வரிசை முக்கியம். ஒன்றைச் சரி செய்யாமல் அடுத்ததுக்குப் போனால் சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான்.

சென்சிடிவிட்டி முதலில். மாட்யூலில் ட்ரிக்கர் வகைப் பட்டியல் இருந்தால் உங்கள் மாடலுக்கு நெருங்கியதைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். பிறகு ஸ்னேரை வாசிப்பில் வரும் மிகப் பலமான அடியாகப் பத்து முறை அடித்து, அடியின் பலத்தைக் காட்டும் மிடி வெலாசிட்டி எண்களைப் பாருங்கள். வெலாசிட்டி 127-க்கு மேல் போகாது. பத்தில் ஒன்றிரண்டு 127-ஐத் தொட்டு, மற்றவை 110-க்கும் 125-க்கும் நடுவே விழுந்தால் சரி. எல்லாமே 127 என்றால் சென்சிடிவிட்டி அதிகம், நடுத்தர அடியும் உச்ச அடியும் ஒன்றாகிவிட்டன.

அடுத்து த்ரெஷோல்ட். முதலில் பூஜ்ஜியத்தில் வையுங்கள். கேட்க வேண்டிய மிக மெல்லிய அடியைத் தட்டுங்கள், பதிவாகிறதா பாருங்கள். பிறகு பக்கத்து டிரம்மை அடித்துக்கொண்டே, பொய் நோட்டுகள் நிற்கும் வரை ஒவ்வொரு புள்ளியாக ஏற்றுங்கள். பொய் நோட்டு நிற்பதற்குள் மெல்லிய அடிகள் போய்விட்டால், ஏற்றுவதை நிறுத்துங்கள். அந்தக் கோளாறுக்கு மருந்து, கடைசியில் பார்க்கப்போகும் க்ராஸ்டாக் செட்டிங்கில் இருக்கிறது.

வளைவு, அதாவது கர்வ். நேர்கோட்டில் ஆரம்பித்து மூன்று விதமாக அடித்துப் பாருங்கள். கோஸ்ட் நோட் (அழுத்தமான அடிகளுக்கு இடையே மிக மெல்லத் தட்டுவது) 15 முதல் 35, நடுத்தரம் 60 முதல் 85, அழுத்தமான அடி 100-க்கு மேல் வந்தால் தொடவே வேண்டாம். மெல்லிய அடிகள் எல்லாம் 50-க்கு மேல் குவிந்தால், கீழ்ப்பக்கம் விரியும் வளைவைத் தேர்ந்தெடுங்கள்.

ஸ்கேன் டைம் என்பது, அதிர்வு தொடங்கியபின் அதன் உச்சத்தைக் கண்டுபிடிக்க மாட்யூல் காத்திருக்கும் நேரம். 1 முதல் 3 மில்லிசெகண்ட் வழக்கம். குறைத்தால் தாமதம் குறையும், ஆனால் ஒரே பலத்தில் அடித்தாலும் எண்கள் தாறுமாறாக வரும். அப்படி வந்தால் அரை அரை மில்லிசெகண்டாக ஏற்றி, எண்கள் நிலைபெறும் இடத்தில் நிறுத்துங்கள்.

மாஸ்க் டைம்தான் இரட்டை அடிக்கு முதல் சிகிச்சை. ஓர் அடி பதிவானபின் இவ்வளவு நேரத்துக்கு வேறெதையும் காதில் வாங்காதே என்ற கட்டளை அது. எவ்வளவு ஏற்றலாம்? கணக்குப் போடலாம். 200 பிபிஎம் (நிமிடத்துக்கு 200 தாளத் துடிப்பு) வேகத்தில் பதினாறாம் நோட்டுகளுக்கு இடையே 75 மில்லிசெகண்ட், 240-ல் 62.5. ஆகவே கிக்கில் 30, 40 மில்லிசெகண்ட் வைத்தாலும் எந்த அடியும் விழுங்கப்படாது. ஸ்னேரில் அப்படி வைக்க முடியாது. ஃப்ளாமில், அதாவது இரண்டு குச்சியும் அடுத்தடுத்து ஒட்டி விழும் அடியில், அவை 20, 30 மில்லிசெகண்ட் இடைவெளியில் விழும். ஸ்னேருக்கு 8-ல் ஆரம்பித்து, 15-ஐத் தாண்டாமல் பாருங்கள். அதற்கும் இரட்டை அடி நிற்கவில்லை என்றால் அடங்கிவரும் அதிர்வைப் புது அடியாக எண்ணாமல் தடுக்கும் ரீட்ரிக்கர் கேன்சலை ஒவ்வொரு படியாக ஏற்றலாம். ஏற்றியபின் ஒரு ரோல் வாசித்துப் பாருங்கள். ரோலில் அடிகள் விட்டுப்போக ஆரம்பித்தால் ஒரு படி இறக்கவும். அப்போதும் மிச்சமிருக்கும் இரட்டை அடி செட்டிங்கின் பிழையாக இருக்காது, தோலின் பிழை. படி 5-க்குத் திரும்புங்கள்.

க்ராஸ்டாக் கடைசி. கிக்கின் மேலேயே டாம்கள் மாட்டியிருக்கும் செட்டில் கிக் அடித்தால் டாம் ட்ரிக்கரும் பேசும். முடிந்தால் டாமைத் தனி ஸ்டாண்டுக்கு மாற்றுங்கள், பாதி நோய் அதிலேயே போய்விடும். மீதிக்கு, பொய்யாகப் பேசும் டிரம்மின் க்ராஸ்டாக் எண்ணை ஏற்றவும். அதிகம் ஏற்றினால் இரண்டையும் உண்மையிலேயே சேர்த்து அடிக்கும்போது ஒன்று மாயமாகும். கிக்கையும் டாமையும் ஒன்றாக அடித்து ஒருமுறை சரிபார்ப்பது இதற்காக.

யாரும் அடிக்காமலே நோட் வந்தால் மாட்யூலைத் திட்டுவதற்கு முன் மானிட்டர் ஸ்பீக்கரை அணையுங்கள். ஸ்பீக்கரின் பேஸ் தரை வழியாக ஏறி கிக் ட்ரிக்கரை ஆட்டுவது வீட்டு ஸ்டூடியோவில் சகஜம். பதிவின்போது எப்படியும் ஹெட்ஃபோன்தான்.

மிடி நோட் எண்களை ஒருமுறை பாருங்கள். ஜெனரல் மிடி வழக்கப்படி கிக் 36, ஸ்னேர் 38, க்ராஸ்ஸ்டிக் 37. அடித்தால் டிரம் சாஃப்ட்வேரில் கௌபெல் ஒலிக்கிறது என்றால் கோளாறு வேறெங்கும் இல்லை, எண்தான் மாறியிருக்கிறது.

படி 8: தாமதம்

தாமதம் ஒரே இடத்தில் வருவதில்லை, சேர்ந்து சேர்ந்து வருகிறது. ஸ்கேன் டைம் 2 மில்லிசெகண்ட். பழைய ஐந்து முள் மிடி கேபிள் என்றால் ஒரு நோட் போக கிட்டத்தட்ட 1 மில்லிசெகண்ட். இன்டர்ஃபேஸ் பஃபர் (ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) 48 கிலோஹெர்ட்ஸில் 64 சாம்பிள் என்றால் 1.3, 128 என்றால் 2.7, 256 என்றால் 5.3 மில்லிசெகண்ட். அதன் மேல் இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதம். ஒப்பிட வேண்டுமானால், ஒலி காற்றில் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். சாஃப்ட்வேர் ஒலியைக் கேட்டு வாசிக்க 64 அல்லது 128 பஃபர் வையுங்கள். மிக்ஸ் செய்யும்போது ஏற்றிக்கொள்ளலாம்.

மைக்கும் சாம்பிளும் சேர்ந்து ஒலிக்கப்போகிறது என்றால் நேர ஒழுங்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும். பதிவின் ஆரம்பத்தில் ஸ்னேரைத் தனியாக நான்கு முறை இடைவெளி விட்டு அடியுங்கள். சாம்பிள் ஒலியை ஆடியோவாக மாற்றி, மைக் அலைக்குக் கீழே வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டும் கிளம்பும் இடத்துக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். 288 சாம்பிள் பிந்தியிருந்தால், 48 கிலோஹெர்ட்ஸில் அது சரியாக 6 மில்லிசெகண்ட். அந்த அளவு சாம்பிள் ட்ராக்கை முன்னே நகர்த்துங்கள். நான்கு அடியிலும் ஒரே இடைவெளி வந்தால் முழுப் பாட்டுக்கும் அது பொருந்தும். ஒவ்வொன்றும் வேறு வேறாக வந்தால் ஸ்கேன் டைமோ ப்ளக்-இன்னின் த்ரெஷோல்டோ சரியில்லை.

நகர்த்தியபின் சாம்பிள் ட்ராக்கின் போலாரிட்டியை (அலையின் மேல்-கீழ்த் திசையை) ஒருமுறை திருப்பிக் கேளுங்கள். இரண்டில் எதில் அடிவயிற்றுச் சத்தம் கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அழகான சாம்பிள் சேர்த்தும் ஸ்னேர் மெலிந்துபோனது என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கேட் வழியில் ஒரு சின்ன தந்திரம் உண்டு. ட்ரிக்கர் ட்ராக்கை மட்டும் 1 அல்லது 2 மில்லிசெகண்ட் முன்னே தள்ளுங்கள். அடி வந்து சேர்வதற்குள் கதவு திறந்திருக்கும், அடியின் முதல் நுனி வெட்டுப்படாது. மைக்கை மட்டும் நம்பிய கேட்டில் இதைச் செய்ய லுக்-அஹெட் வசதி வேண்டும். ட்ரிக்கர் ட்ராக்கின் வெளியீட்டை மாஸ்டருக்குப் போகாமல் துண்டிக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் அந்த 'டக்' மிக்ஸில் கேட்கும்.

சாம்பிள் மாற்றுவதில் பேராசை வேண்டாம். ஒரே சாம்பிளை எல்லா அடிக்கும் போட்டால் இயந்திரத் துப்பாக்கி மாதிரி கேட்கும். வெலாசிட்டிக்கு ஏற்ப மாறும், ஒரே பலத்துக்கும் நாலைந்து மாற்று ஒலி உள்ள சாம்பிள் தொகுப்பாகப் பாருங்கள். ஸ்னேர் மைக்கைத் தூக்கி எறியாமல் அடியில் ஓடவிடுங்கள். கோஸ்ட் நோட்டும் ரோலும் மைக்கிலிருந்து வரட்டும், அழுத்தமான அடிக்குச் சாம்பிள் முதுகெலும்பாக நிற்கட்டும். இதற்கு ப்ளக்-இன்னின் த்ரெஷோல்டைக் கோஸ்ட் நோட்டுகளுக்கு மேலே வைத்தாலே போதும்.

கையாலேயே செய்துகொள்ள

கேட்டுக்கு மட்டும் ட்ரிக்கர் தேவைப்படுகிறவர் கடையில் வாங்கவே வேண்டியதில்லை. வேண்டியவை: ஒயர் ஏற்கெனவே பற்றவைத்த 27 மில்லிமீட்டர் பியசோ வில்லை ஒன்று, கால் அங்குல மோனோ ஜாக் சாக்கெட் ஒன்று, ஒரு சாண் ஷீல்டு ஒயர், சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள இருபக்க நுரை டேப்.

1. வில்லையின் நடுப்பகுதியிலிருந்து வரும் ஒயரை சாக்கெட்டின் முனைத் தகட்டிலும், பித்தளையிலிருந்து வரும் ஒயரை கிரவுண்டிலும் பற்றவையுங்கள். பீங்கான் மேலேயே பற்றவைக்க நேர்ந்தால் ஒன்றிரண்டு நொடிக்குள் சூட்டுக்கோலை எடுத்துவிடுங்கள். சூட்டில் மேலே பூசிய வெள்ளிப் படலம் உரிந்துவிடும்.

2. ஒயர் சேரும் இடங்களில் ஹாட் க்ளூ ஒரு சொட்டு. கையால் செய்த ட்ரிக்கர் முதலில் சாவது இந்த இடத்தில்தான், அடி அதிர்வில் ஒயர் பிய்ந்துவிடும்.

3. பித்தளைப் பக்கம் நுரை டேப்பை ஒட்டி, ரிம்மிலிருந்து 2, 3 சென்டிமீட்டர் உள்ளே, குச்சி படாத இடத்தில் தோலில் ஒட்டுங்கள். ஒயரைத் தொங்கவிடாமல் ரிம்மோடு டேப் போட்டு நிறுத்துங்கள்.

4. மாட்யூலில் செருகி, அடிகள் விட்டு விட்டுப் பதிவானால் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பாருங்கள். சில மாட்யூல்கள் அலை முதலில் எந்தப் பக்கம் எழுகிறது என்று பார்க்கும்.

பழைய ட்ரிக்கர் வாங்கும்போதும் இந்த அறிவு உதவும். மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் நல்ல பியசோ திறந்த சுற்றாகக் காட்டும். பூஜ்ஜியத்துக்கு அருகே காட்டினால் உள்ளே ஷார்ட். கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் மீட்டர் என்றால் சில பத்து நானோஃபாரட்டுக்குள் ஓர் எண் வர வேண்டும். மீட்டர் இல்லையென்றால் கிட்டார் ஆம்பில் மிகக் குறைந்த சத்தத்தில் செருகி விரலால் தட்டுங்கள், பிறகு சாக்கெட்டில் கேபிளை ஆட்டிப் பாருங்கள். கரகரத்தால் சாக்கெட் போய்விட்டது, அது சின்ன வேலை. நுரை காய்ந்து பொடிந்திருந்தால் அதுவும் மாற்றக்கூடியதுதான். தட்டினால் ஒன்றுமே வரவில்லை என்றால் வாங்காதீர்கள்.

எல்லாம் சரியாக அமைந்தபின் மாட்யூலின் ஒவ்வொரு செட்டிங் பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். தோல் மாற்றினாலோ இறுக்கத்தை மாற்றினாலோ எண்கள் கொஞ்சம் நகரும். அப்போது பூஜ்ஜியத்திலிருந்து தொடங்காமல், படத்தில் இருக்கும் எண்ணிலிருந்து இரண்டு மூன்று புள்ளி அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போனால் போதும்.